அடியில் ஒரு நொய்

சித்தப்பா வீட்டு மீன் தொட்டி நள்ளிரவில் உடைந்தது. வாங்கி வைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. யாரும் மோதவில்லை, மேலே எதுவும் விழவில்லை. 'டக்'கென்று ஒரு சத்தம். எழுந்து விளக்கைப் போடுவதற்குள் கூடமெல்லாம் தண்ணீர், நடுவே துடிக்கும் மீன்கள். "நல்ல கண்ணாடியாப் பார்த்துத்தானே வாங்கினோம்" என்று சித்தி விடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

காலையில் தொட்டியைத் தூக்கிப் பார்த்தோம். அடிக்கண்ணாடியில் ஓடியிருந்த விரிசல்கள் எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பியிருந்தன. அதற்கு நேர் கீழே, ஸ்டாண்டின் பலகைமேல், நொய்யரிசி அளவில் ஒரு கல். தொட்டிக்குள் பரப்புவதற்காகக் கழுவிய கற்களில் ஒன்று தப்பி அங்கே உட்கார்ந்திருக்கிறது. கடைக்காரர் தொட்டியோடு கொடுத்தனுப்பிய தெர்மாகோல் அட்டையைப் பேக்கிங் என்று நினைத்து அன்றைக்கே குப்பையில் போட்டிருந்தார்கள். அந்த அட்டையும் தொட்டியின் ஓர் உறுப்புதான் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். இது வீடுகளில் சாதாரணமாக வைக்கும் அளவு. இதில் ஏறத்தாழ 120 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதாவது 120 கிலோ. கண்ணாடியும் கற்களும் சேர்ந்தால் 160 கிலோவை எட்டும். இரண்டு பெரியவர்கள் இரவும் பகலும் இறங்காமல் நிற்பதற்குச் சமம். ஆனாலும் இந்த எடை பரவி நிற்கும்வரை கவலையில்லை. 45 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் அடிக்கண்ணாடியின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 45 கிராம்தான் அழுத்துகிறது. ஒரு சின்ன எலுமிச்சம்பழத்தின் எடை.

இப்போது அந்த நொய்க்கல்லுக்கு வருவோம். மொத்த எடையில் ஒரே ஒரு கிலோ அதன்மேல் இறங்குகிறது, அது கண்ணாடியைத் தொடும் இடம் ஒரு சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளியின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ. தண்ணீர் தரும் அழுத்தத்தைப்போல இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். மரமாக இருந்தால் குழிந்து இடம் கொடுத்துவிடும். கண்ணாடிக்கு அந்தக் குணம் இல்லை.

கண்ணாடியை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. கல் கீழிருந்து முட்ட, தண்ணீர் மேலிருந்து அழுத்த, அடிக்கண்ணாடி அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் மேல்நோக்கி வளைகிறது. வளையும்போது அதன் மேற்பரப்பு, அதாவது தண்ணீர் படும் பக்கம், இழுபடுகிறது. எந்தக் கண்ணாடியின் மேற்பரப்பிலும் நுண்ணிய கீறல்கள் இருக்கவே செய்யும். கணக்குப்படி கண்ணாடிக்கு இருக்கவேண்டிய வலிமையில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான் நடைமுறையில் கிடைக்கிறது. காரணம் இந்தக் கீறல்கள்தான் என்று 1921இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் விளக்கியவர் இங்கிலாந்துப் பொறியாளர் கிரிஃபித். இழுவிசை முழுவதும் கீறலின் முனையில் போய்க் குவிகிறது.

நான்கு மாதம் ஏன் உடையவில்லை? எனக்கு இதில் மிகவும் வியப்பான பகுதி இதுதான். இழுபட்டு நிற்கும் கீறலின் முனைக்குள் நீர் மூலக்கூறுகள் நுழைந்து, சிலிக்கானையும் ஆக்சிஜனையும் பிணைக்கும் கட்டை ஒவ்வொன்றாக அவிழ்க்கின்றன. கீறல் மெல்ல மெல்ல நீள்கிறது. காற்றில் உள்ள ஈரமே இதைச் செய்யப் போதும். மீன் தொட்டியிலோ கீறலின் வாயிலேயே தண்ணீர் நிற்கிறது. ஒரு குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டியதும் அது நொடிக்குள் கண்ணாடி முழுக்க ஓடிவிடுகிறது. அந்த இரவில் கேட்டது முடிவின் சத்தம் மட்டுமே. தொட்டி நிரம்பிய நாளிலிருந்தே உடைந்துகொண்டிருந்தது.

தெர்மாகோல் இங்கேதான் கைகொடுக்கிறது. அதில் 98 சதவீதம் காற்று. மிச்சம், அந்தக் காற்றை அடைத்துவைத்த மெல்லிய பிளாஸ்டிக் அறைகள். தண்ணீரின் பரவிய அழுத்தத்தைப்போலப் பல மடங்கைத் தாங்குவதால் அட்டை மொத்தமாக நசுங்குவதில்லை. ஆனால் கல் முட்டும் இடத்தில் மட்டும் அறைகள் உடைந்து குழியாகும். கல் அதற்குள் புதைந்துவிடும். எடை சுற்றியுள்ள பரப்புக்குப் போய்விடும். மெத்தைக்குப் போடும் பஞ்சுபோன்ற ஸ்பாஞ்சுக்கு இந்தத் திறமை இல்லை. அது முழுவதும் அமுங்கித் தட்டையாகிவிடும். யோகா பாய்போன்ற இறுக்கமான ஃபோம் பயன்படும்.

இருந்தாலும் தெர்மாகோலை நம்பிக் கோணல் ஸ்டாண்டில் தொட்டியை ஏற்றக் கூடாது. ஓரிரு மில்லிமீட்டர் மேடுபள்ளத்தை அது சரிக்கட்டும். அதற்கு மேல் முடியாது. தொட்டி ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தால்கூடப் பெரிய ஆபத்தில்லை. அரை சென்டிமீட்டர் சாய்வு அழுத்தத்தை ஒரு சதவீதம்தான் மாற்றுகிறது. பயப்படவேண்டியது முறுக்கலுக்கு. மூன்று கால் முக்காலி எங்கேயும் ஆடாமல் நிற்கும். நாலு கால் ஸ்டூல் ஆடும். அதேபோல ஸ்டாண்டின் நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் தொட்டியின் எடை அதை முறுக்கப் பார்க்கும். சிலிக்கோன் பசையால் ஒட்டிய மூலைகள் பிரியப் பார்க்கும். இரும்பு ஆங்கிளில் செய்த ஸ்டாண்டுகளில் வெல்டிங் சூடு ஆறும்போது இரும்பு சுருங்கி இந்த முறுக்கல் எளிதில் வந்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு நூல் போதும். வெறும் ஸ்டாண்டின் எதிரெதிர் மூலைகளுக்குக் குறுக்காக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் தொட்டும் தொடாமலும் இருக்கவேண்டும். பிறகு மேல் நூலைக் கீழாக மாற்றிக் கட்டிப் பாருங்கள். அப்போதும் இடைவெளி விழாவிட்டால் முறுக்கல் இல்லை. ஸ்டாண்டின்மேல் முக்கால் அங்குல பிளைவுட், அதற்கு மேல் அட்டை. ஈரம் பட்டால் உப்பும் மரத்தூள் பலகை வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அடியில் பிளாஸ்டிக் சட்டம் போட்டு வரும் தொட்டிகளில் எடை சட்டத்தின் வழியாகத்தான் இறங்குகிறது; அடிக்கண்ணாடி அந்தரத்தில் நிற்கும்படியே செய்திருப்பார்கள். அங்கே அட்டை போட்டால் சட்டம் அதில் அமுங்க, அட்டை கண்ணாடியை மேலே தள்ளும். தட்டையான, உறுதியான பலகை மட்டுமே அதற்குப் போதும்.

சித்தப்பா மறுபடியும் மூன்றடித் தொட்டிதான் வாங்கினார். கற்களை இந்த முறை மொட்டை மாடியில் கழுவினோம். அட்டையை விரிப்பதற்கு முன் சித்தி பலகையை ஈரத் துணியால் துடைத்து, அது காய்ந்ததும் உள்ளங்கையால் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒருமுறை தடவிப் பார்த்தார்.