கும்பிடுபூச்சி வளர்ப்பில் துப்புரவு உயிரிகள்

கும்பிடுபூச்சி வளர்க்கும் பெட்டியின் அடியில் சேரும் கழிவையும் பூஞ்சணத்தையும் தின்று தீர்ப்பதற்காக விடப்படும் சிற்றுயிர்கள் துப்புரவு உயிரிகள் எனப்படுகின்றன. இவற்றில் பெரிதும் பயன்படுபவை ஸ்பிரிங்டெயில்களும் மரப்பேன்களும் ஆகும். இவற்றைப் பூச்சிகள் என்றே பலரும் அழைக்கின்றனர். எனினும் ஸ்பிரிங்டெயில் பூச்சிகளுக்கு நெருங்கிய ஓர் ஆறுகால் உயிரி. மரப்பேன் நண்டு, இறால் ஆகியவற்றின் உறவினம்.

தேவை

கும்பிடுபூச்சி இரையின் கால், இறக்கை போன்ற பகுதிகளைத் தின்னாமல் கீழே போட்டுவிடும். அதன் எச்சமும் அடியில் சேரும். ஈரமான பெட்டியில் இவற்றில் விரைவில் பூஞ்சணம் படரும். சிற்றீக்களும் உண்ணிகளும் பெருகும்.

ஆனால் பெட்டிக்குள் விடப்படும் எந்த உயிரியும் கும்பிடுபூச்சிக்கு ஆபத்தாகிவிடக்கூடாது. கும்பிடுபூச்சி தலைகீழாகத் தொங்கியபடி தோலுரிக்கிறது. புதிய தோல் இறுகும்வரை அதனால் ஓடவோ எதிர்க்கவோ இயலாது. இரையாக விடப்பட்ட சிள்வண்டுகூட அப்போது அதைக் கடித்துக் கொன்றுவிடலாம். ஆகவே கடித்துக் காயப்படுத்த இயலாத சிறிய உயிரிகளையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஸ்பிரிங்டெயில்

வயிற்றின் அடியில் மடங்கியிருக்கும் கவை போன்ற உறுப்பை விசையுடன் விடுவித்துத் துள்ளுவதால் இப்பெயர் பெற்றது. வளர்ப்பில் பரவலாக உள்ள ஃபோல்சோமியா கேண்டிடா வெண்ணிறமானது, ஏறத்தாழ 1.5 முதல் 3 மி.மீ. நீளமுடையது. பூஞ்சையும் மட்கும் பொருளும் இதன் உணவு. ஆண் துணையின்றியே இனம்பெருக்கும். கும்பிடுபூச்சிக்கு இதனால் தீங்கில்லை. மிகச்சிறிய குஞ்சுகளுக்கு இது இரையாகவும் பயன்படும். ஈரம் வற்றினால் இது பிழைக்காது.

மரப்பேன்

மட்கிய இலைகளையும் இரையின் மிச்சத்தையும் தின்னும். டிரைக்கோரைனா டோமென்டோசா என்ற வெண்ணிறக் குறுமரப்பேன் சில மி.மீ. அளவே வளர்ந்து மண்ணுக்குள்ளேயே வாழ்வதால் ஏற்றது. பெரிய மரப்பேன் இனங்கள், தோலுரிக்கும்போது தவறி விழுந்த கும்பிடுபூச்சியைக் கொறிக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

தவிர்க்க வேண்டியவை

அருங்காட்சியகங்களில் எலும்புக்கூடுகளைத் தூய்மைசெய்யப் பயன்படும் டெர்மெஸ்டஸ் மாகுலேட்டஸ் வண்டு, உலர்ந்த ஊனை நன்கு தின்னும். எனினும் அதன் புழுக்கள் கூட்டுப்புழுவாகும் முன் மரம், தெர்மகோல் போன்றவற்றைத் துளைத்துச் சேதப்படுத்தும். அதே குடும்பத்தைச் சேர்ந்த தவுமாகுளோசா வண்டுகளின் புழுக்கள் கும்பிடுபூச்சியின் முட்டைக்கூட்டிலேயே வளர்ந்து முட்டைகளைத் தின்பவை. எனவே முட்டைக்கூடு உள்ள பெட்டியில் இக்குடும்ப வண்டுகளை விடாதிருப்பதே பாதுகாப்பானது.

இனத்திற்கேற்ற முறை

தென்கிழக்காசிய மழைக்காடுகளைச் சேர்ந்த ஆர்க்கிட் கும்பிடுபூச்சிக்கு ஈரப்பதம் தேவை. அதன் பெட்டியில் ஸ்பிரிங்டெயில் நன்கு வாழும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் கோங்கிலஸ் கோங்கிலோடெஸ் என்ற வயலின் கும்பிடுபூச்சியோ வெப்பமும் வறட்சியும் விரும்புவது. துப்புரவு உயிரிகளுக்காக அதன் பெட்டியை நனைத்து வைத்தால் பூச்சிக்கே கேடு. அடியில் காகிதம் விரித்து அடிக்கடி மாற்றுவதே அதற்குப் போதுமானது.

பராமரிப்பு

* அடியில் 2 முதல் 3 செ.மீ. அளவுக்கு ஈரமான தென்னைநார்த் தூளும் காய்ந்த இலைகளும் இடலாம். பூச்சிமருந்து தெளித்த இடத்து இலைகளைச் சேர்க்கக்கூடாது.
* கும்பிடுபூச்சியை விடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே துப்புரவு உயிரிகளை விட்டால் அவை பெருக நேரம் கிடைக்கும்.
* ஈரமான மரக்கரித் துண்டுகள் இட்ட மூடிய டப்பாவில், சிறிதளவு ஈஸ்ட் தூவி ஸ்பிரிங்டெயில்களைத் தனியே பெருக்கலாம்.
* செத்த இரையையும் பெரிய மிச்சங்களையும் இடுக்கியால் உடனுக்குடன் அகற்ற வேண்டும். துப்புரவு உயிரிகள் சிறு கழிவுகளை மட்டுமே சமாளிக்கும்.
* தோலுரிப்பு நெருங்கும்போது கும்பிடுபூச்சி உண்ண மறுக்கும். அப்போது உயிருள்ள இரையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும்.
* அயல்நாட்டு இனங்களையோ அவை கலந்த மண்ணையோ தோட்டத்தில் கொட்டக்கூடாது.