மோடமும் சுவிட்சும் இணையாதபோது

பள்ளியிலோ இல்லத்திலோ சுவிட்சை மோடத்துடன் பிணைத்தும் கணிப்பொறிகளுக்கு இணையம் எட்டாவிடில், சுவிட்ச் பழுதென்று உடனே முடிவு செய்தல் கூடாது.

முதலில் கேபிள் செருகிய இடத்திலுள்ள சிறு விளக்கைக் காண்க. அது எரியாவிடில் வேறு கேபிளால் சோதிக்கவும். செப்புக் கேபிளின் நீளம் 100 மீட்டருக்கு மேற்படலாகாது.

விளக்கு எரிந்தும் கணிப்பொறியின் ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்குமாயின், அதற்கு முறையான முகவரி கிட்டவில்லை என்பது பொருள். முகவரி வழங்குவது சாதாரண சுவிட்சின் பணியன்று. ரௌட்டர் உள்ளடங்காத மோடமோ, பெரும்பாலும் முதலில் கண்ட ஒரு கருவிக்கே இணைப்பு நல்கும். ஆகவே இரண்டிற்கும் இடையே ரௌட்டர் ஒன்றை அமைத்து, மோடத்தை அணைத்து மீண்டும் இயக்குக. புதிய சுவிட்ச் வாங்கும் வீண்செலவு இதனால் தவிரும்.