பெங்களூரில் பலூன் எவ்வளவு தூக்கும்?

சென்னையில் ஒரு பலூன் தூக்கும் எடையை அதே பலூன் பெங்களூரிலும் தூக்குமா? இக்கேள்வியை வாயால் தீர்ப்பதைவிடத் தராசால் தீர்ப்பதே விஞ்ஞான மாணவருக்கு அழகு என்று கருதி, நண்பர் மூவரும் நானும் சோதனையில் இறங்கினோம்.

பலூனைத் தூக்குவது ஹீலியம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் தூக்குவது காற்றே! நீரில் அமிழ்ந்த பொருளை, அது விலக்கிய நீரின் எடைக்குச் சமமான விசை மேலே தள்ளுகிறது என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி. காற்றுக்கும் அது பொருந்தும். சென்னையில் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.16 கிராம், அதே அளவு ஹீலியத்தின் எடை 0.16 கிராம். எஞ்சும் 1 கிராமே தூக்கும் ஆற்றல். பெங்களூரோ கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே 25 டிகிரியில் லிட்டருக்கு 0.91 கிராம்தான் தூக்க முடியும்.

எங்கள் பலூனின் சுற்றளவை நூலால் அளந்தோம், 88 சென்டிமீட்டர். அதாவது விட்டம் 28 சென்டிமீட்டர், கொள்ளளவு 11.5 லிட்டர். கணக்குப்படி தூக்கும் ஆற்றல் 10.5 கிராம். ரப்பரின் எடை 3 கிராம் போக, எஞ்சுவது 7.5 கிராம். காகிதப் பொட்டலம் ஒன்றை நூலில் கட்டி, பலூன் ஏறாமலும் இறங்காமலும் நிற்கும்வரை அரிசியை ஒவ்வொன்றாக இட்டோம். பின்னர் பொட்டலம், நூல், அரிசி மூன்றையும் நிறுத்தோம், 7.3 கிராம். பலூன் முழு உருண்டையன்று. சிறு வேறுபாட்டுக்கு அதுவே காரணமாகலாம். சென்னையில் இதே பலூன் 8.5 கிராம் தூக்க வேண்டும். 50 கிலோ எடையுள்ள ஒருவரைத் தூக்கச் சென்னையில் சுமார் 5,900 பலூன்கள் போதும். இங்கே 6,700 வேண்டும்!

ஹைட்ரஜன் ஹீலியத்தில் பாதி எடையே. அப்படியாயின் இருமடங்கு தூக்குமோ? இல்லை. விலக்கப்படும் காற்றின் எடை மாறாததால், நூற்றுக்கு எட்டுப் பங்குதான் கூடுதல். அந்தச் சிறு ஆதாயத்துக்காக, தீப்பொறி பட்டால் வெடிக்கும் வாயுவைக் குழந்தைகள் கையில் கொடுப்பது தகுமா?

ஹீலியத்துக்கும் நம் நாட்டுக்கும் பழைய உறவுண்டு. 1868 ஆகஸ்டு 18-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரில் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வுக் கூடத்தின் போக்சனும் ஆராய்ந்தனர். சூரிய ஒளியில் அவ்வாண்டு கண்ட மஞ்சள் கோடே இவ்வாயுவின் முதல் அடையாளம். பூமியில் இதனை ராம்சே கண்டது 1895-இல்தான். அந்தச் சென்னைக் கூடத்தின் வழித்தோன்றலே இன்று பெங்களூர் கோரமங்கலத்திலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம்.

இன்றோ நமக்கு வேண்டிய ஹீலியம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. மருத்துவமனைகளின் எம்.ஆர்.ஐ. காந்தங்களைக் குளிர்விப்பதும் இதுவே. வானில் கலந்த ஹீலியம் மீளக் கைக்கு வாராது. ஆகவே விழாக்களில் பலூன்களைக் கூட்டமாகப் பறக்கவிடுவதைத் தவிர்ப்போம். ஒரு பலூன் போதும். அதனைக் கொண்டு அளப்போம், அறிவோம்.