கொள்கலனுக்குரிய முதற் கோப்பு

2013ஆம் ஆண்டில் வெளிவந்த டொக்கர், மென்பொருளை அதற்கு வேண்டிய துணைப்பொருள்களுடன் ஒரு கொள்கலனில் அடைத்து இயக்குவது. வாசகசாலையொன்றின் நூற்பட்டியலை இணையத்தில் இடுவதற்கு இணையத்தளமும் தரவுத்தளமுமாக இரு கொள்கலன்கள் வேண்டும் எனக் கொள்க. இரண்டையும் சேர்த்து இயக்கும் விவரம் கொம்போஸ் கோப்பில் எழுதப்படும்.

அக்கோப்பில் வரிகளை உள்தள்ளுவதற்கு வெற்றிடங்களே இடப்படல் வேண்டும். தாவல் விசை ஆகாது. ‘8080:80’ என்பதில் இடப்பக்க எண் கணினியின் வாயில், வலப்பக்க எண் கொள்கலனின் வாயில். இவற்றில் தவறினால் உடனே தெரிந்துவிடும்.

உடனே தெரியாத தவறும் ஒன்றுண்டு. கொள்கலனுக்குள்ளேயே எழுதப்பட்ட தரவு, கொள்கலன் நீக்கப்படும்போது உடன் அழியும். நிறுத்தித் தொடங்கும்வரை குறை தோன்றாது. புதிய பதிப்புக்காகப் பழையதை நீக்கிய அன்றே நூற்பட்டியல் மறைந்தமை புலப்படும். ஆதலின் ‘வொலியூம்ஸ்’ என்ற தலைப்பின்கீழ்ச் சேமிப்பிடமொன்றைப் பெயரிட்டு, தரவு எழுதப்படும் இடத்துடன் இணைத்தல் வேண்டும். ‘டவுன்’ என்னும் கட்டளை அதனைத் தொடாது. அக்கட்டளையுடன் ‘வொலியூம்ஸ்’ என்பதையும் சேர்த்தால் அதுவும் போய்விடும்.