இரண்டு பட்டியலிலும் இல்லாதவர்கள்

2025 ஜூன் 16 அன்று இந்திய அரசிதழில் வெளியான அறிவிக்கை, நாட்டின் பதினாறாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவை அடிப்படை நேரமாக அறிவித்தது. அதாவது, அந்த நொடியில் நாட்டில் உயிரோடிருந்தவர்கள் எத்தனை பேர் என்பதே கணக்கெடுப்பு விடை தேடும் கேள்வி. அதையொட்டி எழுதப்பட்ட செய்திகளில் பெரும்பாலானவை கைப்பேசிச் செயலி, மக்கள் தாமே இணையத்தில் விவரம் பதியும் வசதி, விரைவில் வெளிவரும் முடிவுகள் ஆகியவற்றைக் கொண்டாடின. செயலி கூட்டலை விரைவாக்கும், எழுத்துப் பிழைகளைக் குறைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்தக் கணக்கெடுப்பைக் குறித்தும் முதலில் கேட்கப்பட வேண்டியது அதில் விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்பதே. கணக்கெடுப்பு எவ்வளவு நவீனமானதாக இருந்தாலும் அந்தக் கேள்விக்கு அதனால் தானே விடை சொல்ல இயலாது. பட்டியலில் இல்லாதவரைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒரு வரியும் இருப்பதில்லை.

கணக்கெடுப்பு இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதற்கட்டத்தில் கட்டடங்களும் வீடுகளும் எண்ணிடப்பட்டுப் பட்டியலாகின்றன. தனி வாயில் கொண்டு தனி அலகாகப் பயன்படும் கட்டடமோ கட்டடத்தின் பகுதியோ ஒரு ‘வீடு’ என்றும், ஒரே சமையலில் உண்டு சேர்ந்து வாழ்வோர் ஒரு ‘குடும்பம்’ என்றும் கொள்ளப்படுவதால், ஒரு கூரையின் கீழ் இரண்டு உலை கொதித்தால் அது இரண்டு குடும்பம். இரண்டாம் கட்டத்தில், ஏறத்தாழ எழுநூறு பேர் வாழும் ஒவ்வொரு கணக்கெடுப்புப் பகுதிக்கும் ஓர் ஆசிரியரோ அரசு ஊழியரோ அனுப்பப்பட்டு ஆட்கள் எண்ணப்படுகிறார்கள். 2011-ல் இப்பணி பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. 28-ஆம் தேதி இரவு வீடற்றோர் எண்ணப்பட்டனர். மார்ச் 1 முதல் 5 வரை நடந்த மறுசுற்றில் இடையே பிறந்த குழந்தைகள் சேர்க்கப்பட்டு, இறந்தோர் நீக்கப்பட்டனர். அந்தக் கணக்கின்படி இராமநாதபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 13,53,445.

இந்த ஏற்பாடு, நிலையான கதவும் அந்தக் கதவைத் திறக்க ஆளும் இருக்கும் ஊர்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரையில் அந்த இரண்டுமே எப்போதும் உறுதியல்ல. 1964 டிசம்பர் புயலுக்குப் பின் வாழத் தகுதியற்றதாக அறிவிக்கப்பட்ட தனுஷ்கோடியில் மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் இன்றும் வாழ்கின்றன. மணல் நகர்ந்தால் குடிசையும் நகரும். இராமேசுவரத்தின் விசைப்படகுகள் வாரத்தில் குறித்த நாட்களிலும் நாட்டுப்படகுகள் பிற நாட்களிலும் கடலுக்குப் போவதால், பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ எந்த நாளில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு பகுதி ஆண்கள் அங்கே இருப்பதில்லை. சாயல்குடிப் பக்கத்துப் பனையேறிகளும், சீமைக்கருவேல விறகில் கரிமூட்டம் போடுவோரும் வேலை இருக்கும் இடத்தில் கொட்டகை போட்டுத் தங்குகிறார்கள். கீழக்கரையின் பல குடும்பங்களில் ஆண்கள் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கெடுப்புக் காலம் முழுவதும் வெளிநாட்டில் இருந்தால் விதிப்படி சேர்க்கப்படக் கூடாது, ஆனால் பாசத்தினால் குடும்பத்தார் பெயரைச் சொல்லிவிடுவது இயல்பு. மண்டபம் முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்களோ விதிப்படி எண்ணப்பட வேண்டியவர்கள். அயல்நாட்டுத் தூதரகத்தினர் நீங்கலாக நாட்டில் வாழும் எவரையும் கணக்கெடுப்பு எண்ணுகிறதே தவிரக் குடியுரிமையைப் பார்த்துத் தள்ளுவதில்லை. ஆக, இந்த ஒரே கரையில் விடுபடுதலும் மிகைப்படுதலும் அடுத்தடுத்த தெருக்களில் நிகழக்கூடும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி மாவட்டத்தின் மொத்தம் சரியாக இருப்பதுபோல் தோன்றவும் கூடும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1872-ல் இந்தியாவில் தொடங்கிய கணக்கெடுப்பு, 1881 முதல் 1931 வரை நாடு முழுவதும் ஒரே இரவில் எண்ணும் முறையாக நடந்தது. அதற்கு நிலவொளி உள்ள, திருவிழா இல்லாத இரவுகளைத் தேடித் தேர்ந்தார்கள், ஏனென்றால் அன்றிரவு இராமேசுவரத்தில் இருக்கும் யாத்திரிகர் இராமேசுவரத்துக் கணக்கிலேயே ஏறிவிடுவார். 1941-ல் ஒற்றை இரவு கைவிடப்பட்டது. 1948-ல் கணக்கெடுப்புச் சட்டம் வந்தது. 1951 முதல், எண்ணி முடித்தபின் மாதிரிப் பகுதிகளில் மீண்டும் எண்ணிச் சரிபார்க்கும் வழக்கம் ஏற்பட்டது. விடுபட்டவர்களைக் கணிக்கும் கருத்து அந்த மறுஎண்ணிக்கைக்குள்தான் இருக்கிறது.

அக்கருத்து மனிதரை எண்ணுவோருக்கும் மீனை எண்ணுவோருக்கும் பொதுவானது. டென்மார்க்கின் மீனியல் அறிஞர் பீட்டர்சன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தட்டைமீன்களுக்கு அடையாள வில்லை கட்டிக் கடலில் விட்டு மீண்டும் பிடித்து ஆராய்ந்தார். ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாயில் எத்தனை மீன் இருக்கிறது என்று அறிய அவர் வழியில் முயன்றால், நீரை வடிக்கத் தேவையில்லை. வீச்சுவலையில் அகப்பட்ட மீன்களின் துடுப்பு நுனியைச் சிறிது நறுக்கி அடையாளமிட்டு விட்டுவிட வேண்டும். அவை நீரில் நன்றாகக் கலந்தபின் மறுபடி வலை வீச வேண்டும். இரண்டாம் வீச்சில் அகப்பட்டவற்றில் பத்தில் ஒன்று அடையாளத்தோடு இருந்தால், முதல் வலை கண்மாயின் பத்தில் ஒரு பங்கைப் பிடித்திருக்கிறது என்று பொருள். எனவே கண்மாயில் இருப்பது முதல் வலையில் சிக்கியதைப் போலப் பத்து மடங்கு.

மனிதருக்கு இதையே பொருத்திப் பார்க்கலாம். ஒரு கணக்கெடுப்புப் பகுதியில் கணக்கெடுப்பாளர் 720 பேரை எழுதினார் என்றும், சில மாதங்கள் கழித்து, முதல் பட்டியலைப் பார்க்காத வேறொருவர் அதே பகுதியில் 700 பேரை எழுதினார் என்றும், இரண்டு பட்டியலையும் பெயர் பெயராக ஒப்பிட்டதில் 672 பேர் இரண்டிலும் இருந்தனர் என்றும் கொள்ளலாம். இரண்டாமவர் கண்ட 700 பேரில் 672 பேர், அதாவது நூற்றுக்கு 96 பேர், முதல் பட்டியலில் இருக்கிறார்கள். ஆகவே முதல் பட்டியல் ஊரின் 96 விழுக்காட்டைப் பிடித்திருக்கிறது. 720 என்பது 96 விழுக்காடு என்றால் முழு ஊர் 750. இரண்டு பட்டியலையும் சேர்த்தாலும் கிடைப்பது 748 பெயர்களே. மீதி இருவரை எந்தக் கணக்கெடுப்பாளரும் பார்க்கவில்லை, எந்தத் தாளிலும் அவர்கள் பெயர் இல்லை. இருந்தும் அவர்கள் இருக்கிறார்கள் என்று இந்த எளிய பெருக்கலும் வகுத்தலும் சொல்கின்றன. புள்ளியியலில் இதைவிட அழகான விளைவுகள் மிகச் சிலவே உண்டு. 1949-ல் சந்திரசேகரும் டெமிங்கும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, பிறப்பு இறப்புப் பதிவேடுகளில் விடுபட்டவற்றைக் கணிக்க இவ்வழியைக் கையாண்டது. இன்று உலகெங்கும் கணக்கெடுப்பின் குறையை அளக்கும் இரட்டைப் பட்டியல் மதிப்பீட்டுக்கு அதுவே அடித்தளம்.

ஆனால் கண்மாயில் எது தவறினாலும் கணக்கு தவறும். மடை திறந்திருந்து மீன் வெளியேறினாலோ புதுமீன் நுழைந்தாலோ இரண்டு வீச்சும் வேறுவேறு கூட்டத்தைப் பிடிக்கின்றன. ஊரில் அதற்கு ஒப்பானது இரண்டு எண்ணிக்கைக்கும் இடையே குடிபெயர்ந்தவர்கள், பிறந்தவர்கள், இறந்தவர்கள். நறுக்கிய துடுப்பு வளர்ந்துவிட்டால் அடையாளமிட்ட மீனும் புதுமீனாகத் தெரியும். ஊரில் அது பெயர்ப் பொருத்தத்தில் வரும் பிழை. ஒரு பட்டியலில் தலைப்பெழுத்தோடும் மறு பட்டியலில் வீட்டில் அழைக்கும் பெயரோடும் பதிவானவர், அந்தோணி, சீனி, முனியசாமி என ஒரே பெயர் தாங்கிய நால்வருள் ஒருவர், வயதை ஒருமுறை 38 என்றும் மறுமுறை 40 என்றும் சொன்னவர் ஆகியோரை இருவேறு ஆட்களாகக் கொண்டால் விளைவு சிறியதல்ல. மேற்கண்ட ஊரில் பொருந்த வேண்டிய 672 பேரில் ஏழு பேரைப் பொருத்தத் தவறினால் மதிப்பீடு 750-லிருந்து 758 ஆகிவிடுகிறது. இல்லாத எட்டுப் பேர் கணிதத்தால் பிறந்துவிடுகிறார்கள். குடும்ப அட்டையில் ஒரு பெயரும் படகு உரிமத்தில் ஒரு பெயரும் கொண்டோர் வாழும் கரையில் இது வெறும் கற்பனை இடையூறல்ல.

எல்லாவற்றிலும் கடுமையானது விரால் மீனின் சிக்கல். கெண்டை எந்த வலைக்கும் அகப்படும். விரால் சேற்றில் புதைந்து முதல் வீச்சுக்கும் தப்பும், அதே காரணத்தால் இரண்டாம் வீச்சுக்கும் தப்பும். முதல் வலைக்குத் தப்பியவையே மறுவலைக்கும் தப்புமானால், அகப்பட்டவற்றில் அடையாளமிட்டவை மிகுதியாகத் தெரிய, முதல் வலை நன்றாக வேலை செய்தது என்ற பொய்யான நிறைவு உண்டாகிறது. இதை எண்ணால் காட்டலாம். ஊரில் நிலையாக வாழ்வோர் 500 பேர், அவர்களில் பத்துக்கு ஒன்பது பேரை ஒவ்வொரு பட்டியலும் பிடிக்கிறது. அலைந்து வாழ்வோர் 100 பேர், அவர்களில் பாதியை மட்டுமே பிடிக்கிறது என்று, சிக்கல் தெரிவதற்காக விகிதங்களைச் சற்று மிகைப்படுத்திக் கொள்ளலாம். ஒவ்வொரு பட்டியலிலும் 450-உம் 50-உம் சேர்ந்து 500 பேர் இருப்பார்கள். இரண்டிலும் பொதுவாக 405-உம் 25-உம் சேர்ந்து 430 பேர் இருப்பார்கள். மொத்தமாகக் கணித்தால் கிடைப்பது 581. உண்மையில் இருப்பவர்கள் 600 பேர். அதே எண்களை இரு பிரிவுகளாகப் பிரித்துத் தனித்தனியே கணித்தாலோ 500-உம் 100-உம் பிசகாமல் கிடைத்துக் கூட்டுத்தொகை 600 ஆகிறது. புதிதாக ஒரு ஆளைக்கூடத் தேடாமல், யார் யாரைப் போல் விடுபடுகிறார் என்பதை அறிந்து பிரித்த ஒரே செயலால் 19 பேர் மீட்கப்படுகிறார்கள். சந்திரசேகரும் டெமிங்கும் வலியுறுத்தியது இதைத்தான்: ஒரே தன்மையுள்ள பிரிவுகளாகப் பிரித்தபின் கணித்தால் பிழை குறையும்.

இந்தியாவில் கணக்கெடுப்புக்குப் பிந்தைய ஆய்வு காட்டிய நிகர விடுபாடு, அதாவது விட்டுப்போனவர்களிலிருந்து இருமுறை எழுதப்பட்டவர்களைக் கழித்தபின் எஞ்சுவது, 2001-லும் 2011-லும் ஆயிரத்துக்கு 23. கேட்பதற்குச் சிறிதாக இருப்பினும், 121 கோடியில் அது சுமார் 2.8 கோடிப் பேர். அதே விகிதத்தை இராமநாதபுரத்துக்குப் பொருத்தினால் சுமார் 31,000 பேர் என்று வரும். ஆனால் அப்படிப் பொருத்துவதற்கு எந்த ஆதாரமும் இல்லை, ஏனென்றால் நாடு தழுவிய மாதிரியில் ஒரு மாவட்டத்துக்கு விழும் பகுதிகள் மிகச் சில, அவற்றிலிருந்து மாவட்ட அளவிலான மதிப்பீடு எதையும் நம்பகமாகப் பெற முடியாது. நகரங்களில் விடுபாடு கிராமங்களைவிட அதிகம் என்பதை அந்த ஆய்வு காட்டியது. கடலோரம், மலை, வறண்ட நிலம் என்ற பிரிவுகளைப் பற்றி ஆயிரத்துக்கு 23 என்ற ஒற்றை எண் எதுவும் சொல்லாது. வெளியிடப்படும் மக்கள்தொகை இந்த ஆய்வை வைத்துத் திருத்தப்படுவதும் இல்லை.

ஒற்றைச் சராசரி எவ்வளவு மறைக்கும் என்பதற்கு அமெரிக்கா தெளிவான எடுத்துக்காட்டு. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நாட்டின் மொத்த நிகர விடுபாடு 0.24 விழுக்காடு மட்டுமே, புள்ளியியல்படி சுழியத்திலிருந்து பிரித்தறிய இயலாதது. ஆனால் ஒதுக்கிட நிலங்களில் வாழும் பூர்வகுடிகளில் 5.64 விழுக்காட்டினரும், இசுப்பானிய வழியினரில் 4.99 விழுக்காட்டினரும் விடுபட்டிருந்தனர், இசுப்பானிய வழியினர் அல்லாத வெள்ளையர் 1.64 விழுக்காடு மிகையாக எண்ணப்பட்டிருந்தனர். எல்லோரும் ஒரே அளவில் விடுபட்டால் நிதிப் பங்கீட்டிலும் தொகுதிப் பங்கீட்டிலும் யாருக்கும் இழப்பில்லை, ஏனென்றால் பங்கு என்பது விகிதம். விடுபாடு ஒரு சாராரின் மேல் குவியும்போதுதான் பள்ளி, ரேஷன் கடை, குடிநீர்த் திட்டம் அனைத்தும் அவர்களுக்குக் குறைவாகக் கணக்கிடப்படுகின்றன.

செயலி சார்ந்த ஆரவாரம் ஏன் மனநிறைவைத் தரவில்லை என்பது இங்கே விளங்கும். 2027 கணக்கெடுப்பில் கட்டடங்களின் இருப்பிடம் கைப்பேசி வழியே வரைபடத்தில் பதியப்படும் என்கிறார்கள். அது பெரிய முன்னேற்றமே. ஆனால் பிந்தைய ஆய்வுக்குச் செல்பவர் கையிலும் அதே வரைபடம் கொடுக்கப்பட்டால், முதலில் குறிக்கப்படாத குடிசை இரண்டாம் முறையும் விடுபடும். இரண்டு பட்டியல்களும் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும் என்ற அடிப்படையே தகர்ந்து, பொருத்தம் மட்டும் மிகச் சிறப்பாகத் தெரியும். இரண்டாமவர் வெறுங்கையோடு போய், தானே தெருக்களை நடந்து, தானே கொட்டகைகளைக் கண்டு எழுத வேண்டும். காலத்தையும் தேர்ந்தெடுக்கலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்க, பிப்ரவரியில் கதவு பூட்டியிருந்த வீடுகள் அப்போது திறந்திருக்கும். பிந்தைய ஆய்வைத் தடைக்காலத்தில் நடத்தி, மார்ச் 1 அன்று ஒவ்வொருவரும் எங்கே இருந்தார் என்று கேட்டு எழுதினால், முதல் வலைக்குத் தப்பச் செய்த காரணம் இரண்டாம் வலையின்போது இராது; விராலின் சிக்கல் முற்றிலும் தீராவிட்டாலும் பெருமளவு தளரும். பனையேறிகளுக்கு அதே மாதங்கள் பதநீர்ப் பருவம் என்பதால் இந்த ஏற்பாடு அவர்களுக்கு உதவாது. அவர்களை வேறு பிரிவாகக் கொண்டு வேறு காலத்தில் தேட வேண்டும்.

இப்படிப் பிரித்துத் தேடுவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1947-ல் தொடங்கப்பட்டு, பின்னர் மண்டபத்தில் இயங்கி, இன்று கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம், கரைக்கு வரும் மீனின் அளவைப் பல பத்தாண்டுகளாக மாதிரி முறையில் கணித்துவருகிறது. கரையை மண்டலங்களாகவும் மாதத்தை நாள்தொகுதிகளாகவும் பிரித்து, விசைப்படகில் வந்ததையும் நாட்டுப்படகில் வந்ததையும் தனித்தனியே பதிந்து, அதன்பின்னரே மொத்தத்தைக் கூட்டுகிறது. சூடைமீனுக்கும் இறாலுக்கும் கிடைக்கும் இந்தப் பகுப்பு, அவற்றைப் பிடித்துவரும் மனிதருக்கும் 2027-க்குப் பிந்தைய ஆய்வில் கிடைக்க வேண்டும்: கடலோரக் கணக்கெடுப்புப் பகுதிகளுக்கெனத் தனி மாதிரி, அதற்குப் போதிய எண்ணிக்கை, வெளியிடப்படும் அறிக்கையில் அதற்கெனத் தனி அட்டவணை, அந்த அட்டவணையின் ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் அருகில் அதன் பிழை எல்லை.