முள்ளும் மனிதரும் – 14: பெட்டியில் கிடந்த ஊசி

அமெரிக்கப் பழங்குடிகளான புவேப்லோ மக்கள் யார், நியூ மெக்ஸிகோவில் அவர்களுடைய 19 ஊர்களும் அரிஸோனாவில் ஹோப்பிகளின் மேட்டூர்களும் எப்படி அமைந்திருக்கின்றன என்பதெல்லாம் சென்ற இதழில் வந்தவை. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்வார்களாக. ஒரு திருத்தம் மாத்திரம் அவசியமாகிறது. மரம்போலக் கிளைத்து நிற்கும் கள்ளிக்கு ஸ்பானியர் இட்ட பெயர் சோய்யா. அச்சுக்கோப்பவர் அதைச் 'சோயா' என்று கோத்துவிட்டபடியால், சோயா மொச்சைக்கு முள் உண்டா என்று இரண்டு வாசகர்கள் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். இல்லை.

இந்த வாரம் புவேப்லோக்களின் அடுப்பங்கரைக்குள் நுழைவதாக வாக்களித்திருந்தேன். யோக்கியமாகவே ஆரம்பித்தும் வைத்தேன். ஸூனி மக்கள் சோய்யாவின் பழத்தை முள் போகத் தேய்த்துப் பச்சையாகவும் வேகவைத்தும் தின்பார்கள் என்பதையும், உலர்த்திய பழத்தை மாவாக அரைத்து, வறுத்த மக்காச்சோள மாவோடு கலந்து கூழ் காய்ச்சுவார்கள் என்பதையும், பஞ்சம் வந்த காலத்தில் அக்கோமா, லகுனா ஊரார் அதன் இளந்தண்டுகளைச் சுட்டுத் தின்று உயிர் தரித்தார்கள் என்பதையும் குறிப்பெடுத்து, கூழின் பக்குவத்தை விஸ்தரிக்கப் பேனாவை எடுத்த தருணத்தில்தான், வேறொன்றைத் தேடப் போன இடத்தில், ஒரு பெட்டிக்குள் நாற்பத்தைந்து வருஷம் எவராலும் கவனிக்கப்படாமல் கிடந்த ஊசி ஒன்றின் வரலாறு அகப்பட்டது. அன்று முதல் எனக்குக் கூழ் இறங்கவில்லை.

யூட்டா மாகாணத்தின் தென்கிழக்கு மூலையில் கிராண்ட் கல்ச் என்று ஒரு பள்ளத்தாக்கு உண்டு. அதன் செங்குத்தான பாறைகளின் அடியில், மழைத்துளி படாத ஒரு குடைவில், வான்கோழிக் கொட்டில் என்று பிற்காலத்தார் பெயரிட்ட பழைய குடியிருப்பு இருக்கிறது. அங்கே குடியிருந்தவர்கள் இன்றைய புவேப்லோக்களின் மூதாதையர், மட்பாண்டம் வனையத் தொடங்குமுன் கூடையையே பாத்திரமாகவும் களஞ்சியமாகவும் கொண்டு வாழ்ந்தவர்கள். அதனாலேயே புதைபொருள் சாஸ்திரிகள் அவர்களைக் கூடை முடைவோர் என்று அழைக்கிறார்கள். அவர்கள் எறிந்த குப்பை அந்தக் குடைவில் மேடாகக் குவிந்து, ஈரமில்லாத காற்றில் இரண்டாயிரம் வருஷம் மக்காமல் இருந்தது. 1972-ல் அந்தக் குப்பைமேட்டின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். நம் ஊரில் குப்பையென்றால் மூக்கைப் பொத்துகிறோம். அங்கேயோ காய்ந்த மலக்கட்டியைக்கூட விடாமல் சோதித்து, மக்காச்சோளமே அவர்களுடைய பிரதான ஆகாரம் என்று நிர்ணயித்தார்கள். அத்தனை நுணுக்கமாகப் பார்த்தவர்களின் கண்ணுக்கும், மூன்றரை அங்குல நீளமுள்ள ஒரு குச்சி விசேஷமாகப் படவில்லை. அது பெட்டிக்குள் போயிற்று. பெட்டி வாஷிங்டன் மாநில சர்வகலாசாலையின் பொருட்காட்சிசாலைக்குப் போயிற்று.

2017-ல் ஆண்ட்ரூ கில்ரீத்-பிரவுன் என்ற ஆராய்ச்சி மாணவர், அங்கே கிடந்த பழம் பொருள்களைக் கணக்கெடுக்கும்போது அந்தப் பெட்டியைத் திறந்தார். குச்சியின் நுனியில் இரண்டு முட்கள் ஜோடியாகக் கட்டப்பட்டிருந்தன. முட்களின் முனைமட்டும் கறுத்திருந்தது. கூடை முடைய உதவும் துர்நாற்றமுள்ள ஒரு புதர்ச்செடியின் தண்டு பிடியாகவும், யூக்கா இலையைக் கிழித்த நார் கட்டாகவும், சப்பாத்திக்கள்ளியின் முள் ஊசியாகவும் சேர்ந்து அமைந்த அந்த உபகரணம், பச்சை குத்தும் ஊசி என்று அவருக்கு உடனே தோன்றியது. அவருடைய இடது கை நெடுகப் பச்சை குத்தியிருந்தது என்றும், அதில் ஆமையோட்டுக் கிலுகிலுப்பையும், அழிந்துபோன யானையினம் ஒன்றும், காடும் நீரும் சித்திரமாக இருந்தன என்றும் படித்தபோது, தன் தோலில் ஊசியின் வேதனையை அறிந்தவன் கண்ணுக்கல்லவா அந்தக் கறுப்பு முனை பேசியிருக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது. இது என் சொந்த அபிப்பிராயம்; விஞ்ஞானிகள் இதை ஒப்பவேண்டியதில்லை.

விஞ்ஞானிகள் கேட்பது சாட்சியம். ஆகவே முனையின் கறையை மின்னணு நுண்நோக்கியிலும் எக்ஸ்-கதிர்களிலும் வைத்துச் சோதித்தார்கள். கரி நிறைந்த சாயம் என்று தெரிந்தது. பிறகு அதே மாதிரி ஓர் ஊசி செய்து பன்றித்தோலில் குத்திப் பார்த்தார்கள். அந்த முள்முனை அடைந்த தேய்மானமும் பழைய முனையின் தேய்மானமும் ஒத்துப்போயின. 2019-ல் பிரசுரமான முடிவின்படி அதன் காலம் கி.பி. 79-க்கும் 130-க்கும் இடைப்பட்டது. அதுவரை அமெரிக்காவின் தென்மேற்குப் பிரதேசத்தில் கிடைத்திருந்த கள்ளிமுள் ஊசிகளில் மூத்தவற்றின் காலமோ கி.பி. 1100-க்குப் பிற்பட்டது. ஒரே குச்சி ஒரு வழக்கத்தின் வயதை ஆயிரம் வருஷம் பின்னுக்குத் தள்ளிவிட்டது! அந்தத் தென்மேற்குப் பிரதேசத்தில் பச்சை குத்திய தோலுடன் எந்தச் சடலமும் கிடைத்ததில்லை; எழுத்தோ அவர்களிடம் இல்லை. குத்தியவர் யார், குத்திக்கொண்டவர் யார், வரைந்தது கோடா கோலமா என்று சொல்ல, முட்கள் இரண்டைத் தவிர நாதி கிடையாது.

குத்துவது கரியென்றால் நாம் ஏன் அதைப் 'பச்சை' என்கிறோம் என்று வீட்டில் கேட்டார்கள். என் பாட்டியின் முன்கையில் இருந்த தேளைத்தான் பதிலாகச் சொன்னேன். கறுப்பு மை தோலுக்கு அடியில் போனால் வெளியே பசுமை கலந்த நீலமாகத் தெரிகிறது. நம் பெண்கள் கண்டதைச் சொன்னார்கள், கலந்ததைச் சொல்லவில்லை.

கள்ளி என்ற சொல்லைப்பற்றியும் ஒரு வார்த்தை. நம் பழைய நூல்களில் வரும் கள்ளி பால் வடிப்பது. அதற்கும் அமெரிக்கக் கள்ளிக்கும் வறண்ட நிலத்தில் வாழும் குணம் ஒன்றைத் தவிரக் குலம் கோத்திர சம்பந்தம் இல்லை. நம் வேலிகளில் நிற்கும் சப்பாத்திக்கள்ளி கடல் கடந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் கும்பினியாரின் வைத்தியராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்ஸன், கள்ளிமேல் வாழும் பூச்சியிலிருந்து எடுக்கும் செஞ்சாயத்தில் ஸ்பானியர் அடைந்த லாபத்தைத் தாமும் அடைய விரும்பி, சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித்தோட்டமே வைத்தார். சாயம் வாய்க்கவில்லை. கள்ளியோ இந்தத் தேசத்தில் வேரூன்றிக்கொண்டது. வயல்களையும் மேய்ச்சல் தரைகளையும் அடைத்துக்கொண்டு குடியானவனை அது படுத்திய பாட்டை, 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியைத் தருவித்துவிட்ட பிறகே தென்னிந்தியாவில் ஒருவாறு தணிக்க முடிந்தது. ஆண்டர்ஸனைப்பற்றித் தனியே எழுத ஆசைதான்; ஆசிரியர் முகத்தை நினைத்து நிறுத்திக்கொள்கிறேன்.

புவேப்லோக்களின் சடங்குகளில் கள்ளிக்கு உள்ள ஸ்தானத்தை ஏன் தொடவில்லை என்று கேட்ட அன்பருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். வெளியார் அறியவேண்டாமென்று அவர்கள் காத்துவரும் விஷயங்களில் பல, சென்ற நூற்றாண்டின் ஆராய்ச்சிக்காரர்கள் நைச்சியமாகக் கேட்டும் ஒட்டுப்பார்த்தும் எழுதிவைத்தவை. அவை அச்சில் கிடைக்கின்றன என்பதற்காக நாமும் எடுத்து விளம்புவது எனக்கு உசிதமாகப் படவில்லை.

கூழுக்கு வருவோமென்றால், வாசலில் அச்சகத்துப் பையன் இரண்டாம் முறையாக மணியடித்துவிட்டான். ஆகவே கூழ் அடுத்த வாரம். கூழுக்கு முன்னால் சுணை. நீண்ட முள் நேர்மையுள்ளது. கண்ணுக்குத் தெரியும், ஒடித்தால் ஊசியாகும். அதன் அடியில் மயிர்க்கற்றையாக மறைந்திருக்கும் சுணையோ, ஒவ்வொரு இழையிலும் பின்னோக்கிய கொக்கிகள் கொண்டு, தொட்டவுடன் கழன்று தோலில் ஏறிக்கொள்ளும். எட்டு வயதில், வேலியோரத்துச் சப்பாத்திப் பழத்தைத் திருட்டுத்தனமாகக் கடித்து, உதடெல்லாம் சிவந்து நாக்கெல்லாம் சுணையேறி நான் வீட்டுக்கு ஓடிவந்தபோது, பாட்டி என்னை அடிக்கக்கூட இல்லை. திண்ணை வெளிச்சத்தில் உட்காரவைத்து, தேள் இருந்த கையால் என் தாடையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். புவேப்லோப் பெண்கள் அந்தச் சுணையைப் பழத்திலிருந்தே எப்படிப் போக்கினார்கள் என்பதை மணலிலிருந்தும் தணலிலிருந்தும் ஆரம்பிக்கவேண்டும். பையன் மூன்றாம் முறை அடிக்கிறான்.

(தொடரும்)