வேன் வீட்டில் ஏன் ஏசி இல்ல?

வேன் லைஃப் ரீல்ஸ் பாக்காதவங்க நம்மில் ரொம்பக் கம்மி. பின்கதவைத் திறந்தா கடல், கட்டில்மேல லேப்டாப், கையில காபி. "படிப்பு முடிஞ்சதும் நாமளும் கிளம்பிடணும்டா"ன்னு தோணும். ஆனா அந்த ரீல்ஸ்ல ஏசி ஓடுறதை அதிகமா பாக்க முடியாது. ஏன்னு ஒரு சின்ன கணக்கு போட்டா, அந்த வாழ்க்கையே ஓரளவு புரிஞ்சிடும்.

அமெரிக்காவில் இதுக்குப் பெரும்பாலும் வாங்குறது ஃபோர்டு ட்ரான்சிட், மெர்சிடிஸ் ஸ்ப்ரின்ட்டர் மாதிரி சரக்கு வேன்கள். உள்ளே வெறும் தகடுதான். அதுல இன்சுலேஷன் ஒட்டி, கட்டில், அடுப்பு, தண்ணி டேங்க் வெச்சு, கூரையில் சோலார் பேனல், கட்டிலுக்கு அடியில் பேட்டரி மாட்டினா வீடு ரெடி.

இப்போ கணக்கு. 12 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரின்னு வெச்சுக்குவோம். 12 × 200 = 2,400 வாட்-ஹவர். அதாவது 2.4 யூனிட் கரண்ட். ஒரு நாள் செலவு தோராயமா இப்படி இருக்கும்:

ஃப்ரிட்ஜ்: 45 வாட் × 8 மணி = 360
லேப்டாப்: 60 வாட் × 5 மணி = 300
ஃபேன்: 30 வாட் × 10 மணி = 300
லைட், போன் சார்ஜ்: 100
மொத்தம்: 1,060 வாட்-ஹவர்

கூரையில் 400 வாட் பேனல் இருந்து, 5 மணி நேரம் நல்ல வெயில் அடிச்சு, இழப்பு 25 சதவீதம் போனா 1,500 கிடைக்கும். தாராளமா போதும்.

இதுல ஒரு சின்ன ஏசியைச் சேருங்க. சராசரி 600 வாட், ராத்திரி 8 மணி நேரம் ஓடினா 4,800. முழு பேட்டரி ரெண்டு காலி! அதுக்கு இன்னும் 1,280 வாட் பேனல் வேணும். சாதாரண வேன் கூரையில் அவ்வளவு இடம் கிடையாது.

அதனால இவங்க காத்தைக் குளிரவைக்கிறதில்ல, குளிர்ச்சியான இடத்துக்கு வீட்டையே ஓட்டிட்டுப் போறாங்க. அரிசோனாவில் குவார்ட்ஸைட்னு ஒரு பாலைவன ஊர், சுமார் 270 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் அங்கே வண்டிகள் குவியும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டிடும், ஏசி இல்லாத வேனில் தங்குறது ரொம்பக் கஷ்டம். அதே மாநிலத்தில் ஃப்ளாக்ஸ்டாஃப் சுமார் 2,100 மீட்டர். ஒரு கிலோமீட்டர் ஏறினா தோராயமா 6.5 டிகிரி குறையும். ஆக கிட்டத்தட்ட 12 டிகிரி வித்தியாசம். மே மாசம் நாம ஊட்டி போற அதே லாஜிக்தான்.

சட்டமும் நகர வைக்கும். அங்கே அரசு பொது நிலங்களில் பெரும்பாலும் 14 நாள்தான் ஒரே இடத்தில் தங்கலாம். குவார்ட்ஸைட் பக்கத்துல நீண்ட நாள் தங்க பர்மிட் உண்டு. அதுவும் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரைதான்.

எல்லாரும் ஆசைப்பட்டு இதுக்கு வரலை. 2008 பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, வயசான காலத்தில் வேனுக்கு மாறினவங்களைப் பத்தி ஜெசிக்கா ப்ரூடர் 2017-ல் 'நோமேட்லேண்ட்' புத்தகம் எழுதினார். அது படமாகி சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் வாங்குச்சு. குடோன் வேலை, அறுவடை வேலைன்னு சீசனுக்கு ஒரு ஊர். அவங்களுக்கு வண்டி மெக்கானிக் ஷெட்டுக்குப் போச்சுன்னா வீடும் கூடவே போயிடும். வாடகை மிச்சம்தான், ஆனா டீசலும் ரிப்பேரும் அந்த இடத்தில் வந்து உக்காந்துக்கும்.

கிளம்புற ஆசை இன்னும் இருந்தா, முதல்ல உங்க ஹாஸ்டல் ரூமுக்கு இந்தக் கணக்கைப் போடுங்க. பழைய சீலிங் ஃபேன் 75 வாட். 10 மணி நேரத்துக்கு 750. மேலே போட்ட ஒரு நாள் பட்ஜெட்டில் முக்கால்வாசி அங்கேயே போச்சு!